இரண்டு எண் தள்ளி ஒரு வீடு

லண்டன் கென்சிங்டனில் ஹைட் பார்க் கேட் என்றொரு முட்டுச்சந்து இருக்கிறது. அங்கே 22ஆம் எண் வீட்டில் வளர்ந்த ஸ்டெல்லா டக்வர்த், 1897 ஏப்ரல் 10ஆம் தேதி ஜாக் ஹில்ஸ் என்ற வழக்கறிஞரை மணந்தார். தம்பதியர் குடிபோக ஏற்பாடான வீடு அதே தெருவில் 24ஆம் எண். மணமாகிப் பிறந்தகத்தை விட்டுப் புறப்படும் ஒரு பெண் இதைவிடக் குறைந்த தூரம் போயிருக்க முடியாது. அந்தத் தூரத்தையும் வாதாடித்தான் வாங்க வேண்டியிருந்தது. மணமான பிறகும் இருவரும் தன்னோடு அதே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று விரும்பினார், தாயின் இரண்டாம் கணவரான லெஸ்லி ஸ்டீஃபன். ஸ்டெல்லா முதலில் சரி என்றார். அது நடக்கிற காரியமில்லை என்று பிறகு உணர்ந்து, தனி வீடுதான் என்று சொன்னார். தேனிலவுக்கு இத்தாலி போய் நோயோடு திரும்பியவர், ஜூலை 19ஆம் தேதி இறந்துபோனார். வயது 28. இன்று அவரை எழுத்தாளர் வெர்ஜீனியா உல்ஃபின் அக்காவாக மட்டுமே உலகத்துக்குத் தெரியும். ஒரே தாய் வயிற்றில் பிறந்த, வேறு தகப்பனின் மகள். நான் அவரைப் பற்றி எழுதுவது அந்த உறவுக்காக அல்ல. அடக்கமான பெண் என்று எல்லோரும் மெச்சுகிற குணத்தைக் குடும்பம் எப்படிச் சம்மதமாகவே வரவு வைத்துக்கொள்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வாழ்க்கை வேறொன்றை நான் அறியவில்லை.

ஸ்டெல்லா 1869இல் பிறந்தார். அடுத்த ஆண்டே தகப்பன் ஹெர்பர்ட் டக்வர்த் இறந்தார். தாய் ஜூலியா எட்டாண்டு விதவையாக இருந்து, 1878இல் எழுத்தாளர் லெஸ்லி ஸ்டீஃபனை மறுமணம் செய்துகொண்டார். வெனெஸ்ஸா, தோபி, வெர்ஜீனியா, ஏட்ரியன் என்று நான்கு குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தார்கள். ஜூலியா ஊருக்கெல்லாம் ஓடி ஓடி நோயாளிகளைக் கவனித்தவர். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் முறை பற்றி 1883இல் ஒரு சிறு நூலே எழுதினார். அவர் வெளியே போன நாட்களில் வீட்டில் அந்த இடத்தில் நின்றவர் ஸ்டெல்லா. மற்றப் பிள்ளைகளைவிட அவரிடம் மட்டும் ஜூலியா கடுமையாக இருந்தார். கணவர் அதைச் சுட்டிக்காட்டியபோது, ஸ்டெல்லாவைத் தன்னில் ஒரு பாகமாகவே நினைப்பதால்தான் அப்படி என்று காரணம் சொன்னாராம். அந்தப் பதிலில் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் கையிடம் யாரும் விருப்பம் கேட்பதில்லை. தாயின் கையாகவே வளர்ந்த பெண்ணுக்குத் தனியாக ஒரு மனம் உண்டா என்பது அந்த வீட்டில் யாருக்கும் எழாத கேள்வியாகிவிட்டது.

1895 வசந்தத்தில் ஸ்டெல்லா ஐரோப்பியப் பயணத்தில் இருந்தார். தாய்க்கு உடல்நலம் கெட்டதை உணர்ந்து திரும்பி வந்தார். மே 5ஆம் தேதி ஜூலியா இறந்தார். ஸ்டெல்லாவுக்கு 26 நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன. அடுத்து நடந்ததை வெர்ஜீனியா இரண்டு முறை எழுதியிருக்கிறார்: தன் இருபதுகளின் நடு வயதில் ஒரு முறை, சாவதற்குச் சற்று முன்னால் இன்னொரு முறை. இரண்டிலும் ஒரே காட்சிதான். லெஸ்லியின் துக்கம் வீட்டை நிறைத்தது. ஜூலியாவைப் பற்றித் தன் பிள்ளைகளுக்கு ஒரு நீண்ட கடிதமாக அவர் எழுதத் தொடங்கிய நினைவுநூலில், நல்ல கணவனாக இருந்தேனா, எழுத்தாளர் கார்லைல் தன் மனைவியைப் படுத்தியதுபோல் நானும் படுத்தினேனா என்ற உறுத்தல் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த உறுத்தலுக்கு அன்றாடம் ஆறுதல் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் ஸ்டெல்லா ஆனார். வாராந்திரக் கணக்கு, சமையல்காரிக்கு உத்தரவு, நான்கு பிள்ளைகளின் படிப்பு, அந்தக் கோடையில் மனம் குலைந்துபோன 13 வயது வெர்ஜீனியாவை மருத்துவர் சொன்னபடி தினமும் வெளியே நடத்திக் கூட்டிச்செல்வது, எல்லாம் அவர் தலையில் விழுந்தன. இதில் என் மனத்தைத் தைப்பது வேலையின் பளு அல்ல. தாயை இழந்தவர் ஸ்டெல்லா. லெஸ்லி மனைவியை இழந்தவர். அந்த வீட்டில் பின்னவருடைய இழப்புக்குத் துக்கம் என்று பெயர் இருந்தது. முன்னவருடைய இழப்பு ஒரு பொறுப்பாக மாறிவிட்டது. காலியான இடத்தில் உட்காரச் சொல்லப்பட்டவர், அந்த இடம் காலியானதற்காக அழ இடமில்லாமல் போனார். அவர் வெளுத்துக்கொண்டே வந்தார் என்று தங்கை நினைவுகூர்கிறார்.

அவருக்கென்று விருப்பமே இல்லை, இயல்பிலேயே பிறருக்காக வாழ்கிறவர் என்று சுற்றத்தார் நம்பியிருக்கலாம். ஆனால் கிடைக்கிற சான்றுகள் அதற்கு எதிராகவே பேசுகின்றன. ஜாக் ஹில்ஸ் முதலில் கேட்டபோது ஸ்டெல்லா மறுத்தார். 1896 ஆகஸ்டில், தானே முடிவெடுத்து, ஏற்றுக்கொண்டார். ஏழைகளின் குடியிருப்புகளைச் சீர்திருத்திய ஆக்டேவியா ஹில்லின் வேலையில் ஈடுபாடு கொண்டார். தானும் சில வீடுகள் கட்டுவது பற்றி அவருடன் கலந்து பேசினார். மணத்துக்குப் பின் தனி வீடு வேண்டும் என்றார். மறுப்பு, ஏற்பு, திட்டம், நிபந்தனை: சுயமனம் உள்ள ஒருவரிடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்க முடியும்? குரலை உயர்த்தவில்லை என்பது ஒன்றுதான் குறை. வாயில்லாப் பூச்சி என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பேசியதைக் கேட்காமல் இருந்துவிட்டு, பேசவில்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

இங்கே ஒரு மறுப்பு எழும், அதை நான் மதிக்கிறேன். ஸ்டெல்லா பணக்காரப் பெண். வேலைக்காரர்கள் நிறைந்த வீடு, கோடைக்குக் கார்ன்வாலில் கடலோர வீடு, தந்தை வழி வந்த சொத்து. அதே லண்டனில் நாள் முழுக்கத் தைத்து அரை வயிறு உண்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்களே, அவர்கள் கண்ணீரை விட்டுவிட்டு இந்த மாளிகைச் சோகம் எதற்கு? கண்ணீரை எடைபோட்டால் தையல்காரியின் பக்கம்தான் தராசு தாழும், சந்தேகமே இல்லை. ஆனால் செல்வம் எதைத் தரும், எதைத் தராது என்று அறிய வேண்டுமானால் செல்வம் உள்ள இடத்தில்தான் பார்க்க வேண்டும். 1929இல் வெர்ஜீனியா, எழுத விரும்பும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுனும் தனி அறையும் வேண்டும் என்றார். நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஸ்டெல்லாவின் கதையை வைத்துப் பார்க்கும்போது அந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டிருப்பதாக எனக்குப் படுகிறது. ஸ்டெல்லாவிடம் பணம் இருந்தது. மணமான பெண்ணின் சொத்து அவளுடையதே என்று 1882ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்துமிருந்தது. இருந்தும் இரண்டு எண் தள்ளிக் குடிபோகப் போராட வேண்டியிருந்தது. சட்டமும் பணமும் கதவைத் திறந்து வைத்தன. வெளியே போனால் நன்றிகெட்டவள் என்ற எண்ணம் வாசலில் நின்றது. வறுமையில் வாடிய பெண்ணைத் தடுத்தது எது என்று ஊருக்கே தெரியும். இவரைத் தடுத்தது எது என்று யாருக்கும் தெரியவில்லை, தடுத்தவருக்கும்கூட.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. அன்பாகச் செய்ததைச் சுமை என்று நாம் ஏன் இன்று பெயர் மாற்ற வேண்டும்? அந்தக் காலம் அப்படி. ஜூலியாவே பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று 1889இல் வெளியான முறையீட்டில் கையெழுத்திட்டவர்தானே? ஆம். ஜூலியாவின் தாய்க்கு நெருங்கிய நண்பரான கவிஞர் கவெண்ட்ரி பேட்மோர்தான், இல்லத்தின் தேவதை என்று மனைவியைப் போற்றி நெடுங்கவிதை பாடியவர். நம்மிடம் குத்துவிளக்கு என்று சொல்வார்களே, அதேபோல. அந்த வார்ப்பிலேயே அவர்கள் வாழ்ந்தார்கள். ஸ்டெல்லா தங்கைகளை நேசித்தார் என்பதிலும் ஐயமில்லை. நான் குறைகூறுவது அவர் கொடுத்ததை அல்ல. கொடுப்பது அன்பா, வேறு வழியின்மையா என்று அறிய ஒரே வழி, கொடுக்காமல் இருக்கவும் அவருக்கு இடம் இருந்ததா என்று பார்ப்பதுதான். அந்த இடம் அவருக்குத் தரப்படவில்லை. காலத்தைக் காரணம் காட்டினாலும் விடை கிடைப்பதில்லை. அதே காலத்தில், அதே வீட்டில், அதே நாற்காலியில் அடுத்து உட்காரவைக்கப்பட்ட வெனெஸ்ஸா வேறு விதமாக நடந்துகொண்டார்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்டெல்லாவைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி வெர்ஜீனியாவின் வழியாக வருகிறது. அவர் தகப்பன்மீது தீராத கோபமும் தீராத பாசமும் கொண்டவர். லெஸ்லி கொடியவர் அல்ல. பிரிட்டனின் தேசிய வாழ்க்கை வரலாற்றுப் பேரகராதிக்கு முதல் பதிப்பாசிரியராக இருந்து, அந்த உழைப்பில் உடல் தளர்ந்தவர்; இரண்டு மனைவியரைப் பறிகொடுத்து 62 வயதில் நின்றவர். இதையெல்லாம் நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஏற்ற பிறகும் என் வாதம் வலுக்கவே செய்கிறது. கொடியவர் ஒருவர் செய்திருந்தால், அது ஒரு மனிதரின் குற்றம் என்று சொல்லி முடித்துவிடலாம். நல்லவரும் படித்தவரும் உண்மையாகவே துயருற்றவருமான ஒருவர், எதிரே நின்ற பெண்ணும் துயரில்தான் இருக்கிறாள் என்பதைக் காணவில்லை. அவள் அதைச் சொல்லாததால் அது இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

ஸ்டெல்லா இறந்ததும் கணக்குப் புத்தகம் 18 வயது வெனெஸ்ஸாவின் கைக்கு வந்தது. புதன்கிழமைதோறும் செலவு கூடிவிட்டதென்று லெஸ்லி கத்துவார், மார்பில் அடித்துக்கொள்வார், தான் பாழாய்ப்போனதாகப் புலம்புவார். வெனெஸ்ஸாவும் பேசவில்லை. ஆனால் ஆறுதலும் சொல்லவில்லை. காசோலை எழுதி முடிக்கும் வரை கல்லாக நின்றார். வெளியே இருந்து பார்த்தால் அக்காவின் மௌனமும் தங்கையின் மௌனமும் ஒன்றுதான். ஒன்றைச் சம்மதம் என்றும் மற்றதைக் கல்நெஞ்சு என்றும் வாசித்தார் அந்தத் தகப்பன். 1904இல் அவர் இறந்தார். பிள்ளைகள் வீட்டைக் காலிசெய்துவிட்டு, நகரத்தின் மறுபக்கம் ப்ளூம்ஸ்பரிக்கு, கார்டன் ஸ்கொயர் 46ஆம் எண்ணுக்குப் போனார்கள். அங்கே வெனெஸ்ஸா ஓவியம் தீட்டினார், வெர்ஜீனியா எழுதினார். 1927இல் வந்த 'டு தி லைட்ஹவுஸ்' நாவலில் ப்ரூ என்றொரு மூத்த மகள் வருகிறாள். வசந்தத்தில் மணமுடித்து, அதே கோடையில் இறந்துபோகிறாள். வாழ்நாள் முழுதும் ஸ்டெல்லாவை மறக்காத அந்தத் தங்கை, ப்ரூவின் சாவைச் சொல்ல ஒதுக்கிய இடம் ஓர் அடைப்புக்குறிக்குள் ஒரே வாக்கியம்.