பிள்ளலமர்ரியின் வைத்தியர்கள்

2017 டிசம்பரில் பிள்ளலமர்ரியின் பெருங்கிளை ஒன்று ஒடிந்து விழுந்தது. தெலங்கானாவின் மகபூப்நகருக்கு அருகில், ஏறக்குறைய மூன்று ஏக்கரில் பரந்து நிற்கும் ஆலமரம் அது. வயது ஏறக்குறைய 700 என்கிறார்கள். கிளைகளைக் கரையான் உள்ளிருந்து தின்று கூடாக்கியிருந்தது. பார்வையாளர்கள் நிறுத்தப்பட்டார்கள்; வனத்துறை வைத்தியத்தில் இறங்கியது. மரத்தில் துளையிட்டு ஊற்றிய குளோர்பைரிஃபாஸ் மருந்து வெளியே வழிந்துவிட்டது. அதனால் நீர்த்த மருந்தை சலைன் பாட்டில்களில் நிரப்பிக் கிளைகளில் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக உள்ளே இறக்கினார்கள். 2018இல் அந்தப் படம் வராத பத்திரிகை இல்லை.

படத்தில் வராத வேலையைப் பார்க்கத்தான் அங்கே போனேன். மழையில்லாமல் ஊர் ஊராகக் கூலிக்குப் போனவர்களின் சீமை அது. மகபூப்நகரின் பழைய பெயர் பாலமூர்; பாலமூர் கூலிகள் என்றால் தெலுங்கு நாடெங்கும் தெரியும். மரத்தைக் காட்ட என்னுடன் நடந்த பராமரிப்புத் தொழிலாளியும் இளவயதில் அணைக்கட்டு வேலைக்கு மண் சுமந்தவர். எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் “அண்ணா” என்று கூப்பிட்டதும் பேச ஆரம்பித்துவிட்டார்.

அடிமரத்தை அவர் முதலில் பார்க்கவில்லை. அண்ணாந்து கிளை நுனிகளைப் பார்த்தார். “நோவு நுனியிலேதான் முதல்ல தெரியும் சார். இலை கொட்டினா பயப்பட வேண்டாம், திரும்பத் துளிர்க்கும். நுனி காய்ஞ்சு, அடுத்த வருஷம் இன்னும் கீழே காய்ஞ்சா, அடியில ஏதோ கோளாறு.” காய்ந்ததுபோல் இருந்த ஒரு சிறு கிளையை நகத்தால் கீறினார். பச்சை தெரிந்து பால் கசிந்தது. “இதுக்கு உயிர் இருக்கு.” அடுத்த கிளையைக் கட்டையால் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறியது. அங்கே நின்று, பட்டை இடுக்கில் ஓடிய புற்றுமண்ணைச் சுரண்டிக் காட்டினார்.

கரையான் பெரும்பாலும் செத்த கட்டையைத்தான் தேடி வரும். கிளை ஏன் செத்தது என்று கேட்டால் பதில் மண்ணில் இருக்கிறது. கூட்டம் மிதித்து மிதித்து இறுகிய மண்ணில் காற்றும் நீரும் இறங்குவதில்லை. சருகைக் கூட்டி எரித்தால் மண்ணுக்குப் போகவேண்டிய உரமும் ஈரமும் போய்விடும். கிளையில் ஊஞ்சலாடினால் பட்டை கிழியும். சொட்டு மருந்து கரையானைக் கொன்றது. மரத்தைப் பிழைக்க வைத்தது மண்ணைத் திருத்திய கைகள் என்பதே என் முடிவு.

அந்த வேலை மெதுவானது. தண்ணீர் விடும் அம்மா ஒருவர் அடிமரத்துப் பக்கமே போகவில்லை. கிளைப்பரப்பின் ஓரத்தில் பாத்தி கட்டி, நீர் ஒரே இடத்தில் நின்று ஊறும்படி விட்டார். நீர் குடிக்கும் நுண்வேர்கள் மேல்மண்ணில் அவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன. தினமும் தெளிப்பதைவிட இடைவெளி விட்டு ஆழ நனைப்பது நல்லது. மேலே சருகு மூடாக்கு. நோயாளி மரத்துக்கு யூரியா போடக்கூடாது. தாங்கமுடியாத தளிரை அது கிளப்பிவிடும். கோடையில் பச்சைக் கிளையைக் கவாத்து செய்தால், நிழலில் வளர்ந்த பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும். காய்ந்ததை மட்டும் எடுக்கவேண்டும்.

சாயும் கிளைகளுக்குச் சிமென்ட் தூண்கள் முட்டுக் கொடுத்து நிற்கின்றன. அந்தரத்தில் தொங்கும் இளம் விழுதுகளைக் குழாய்க்குள் விட்டு, மண் நிரப்பி, தரைவரை கொண்டுவருகிறார்கள். விழுது தரையைத் தொட்டு வேர்பிடித்துப் பருத்தால், நாளைக்கு அதுவே தூண். சென்னை அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் புயலில் சாய்ந்தும் மரம் இன்று வாழ்கிறது என்றால் விழுதுகளால்தான். புளிக்கும் வேம்புக்கும் அந்த வசதி கிடையாது. அவற்றைத் தாங்க அடிமரம் ஒன்றுதான்.

அதனால்தான் நம் தெருக்களை நினைத்துக் கவலைப்படுகிறேன். உங்கள் வாசலில் பழைய வேம்போ புங்கையோ இருந்தால், அடிமரத்தை நெருக்கும் சிமென்ட்டை வேர் காயப்படாமல் பெயர்த்து எடுங்கள். சருகை எரிக்காமல் அங்கேயே பரப்புங்கள். நுனி காய்கிறதா என்று மாசியிலேயே அண்ணாந்து பாருங்கள்; காய்ந்தால் அப்போதே கிளையோரத்தில் தண்ணீர் விடத் தொடங்குங்கள். கத்திரி வெயில்வரை காத்திருக்காதீர்கள்.