அடுப்படிச் சுவரில் மூன்று கோடு

எங்கள் வீட்டில் கணக்கெல்லாம் அடுப்படிச் சுவரில்தான் இருந்தது. பால் ஊற்றுகிற வீடுகளுக்குச் சுண்ணாம்புப் புள்ளி, கடலை உடைக்கப் போன கூலிக்குக் கரிக்கோடு, பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றாகக் கொடுத்த அரிசிக்குப் படிக்கு ஒரு வட்டம். மண்சுவர். விறகுப்புகை ஏறி ஏறி மேல்பாதி கறுத்துக் கிடக்கும். கீழே, உட்கார்ந்தபடியே கை எட்டுகிற உயரத்தில், அப்பத்தாவுக்கு ஒரு மூலை, அம்மாவுக்கு ஒரு மூலை. ஒருவர் கணக்கில் மற்றவர் கை வைக்க மாட்டார்கள். சாயங்காலம் உலை கொதிக்கிற சத்தமும், ஈர விறகின் புகையும், வெளியே திண்ணையில் அப்பத்தா வெற்றிலை இடிக்கிற 'டொக் டொக்'கும் சேர்ந்து வரும் நேரத்தில் நான் அந்தப் புள்ளிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்போது ஐந்தாம் வகுப்பு. வீட்டிலேயே எழுதப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் நிமிர்வு உண்டு.

ஒருநாள் அம்மாவின் மூலையில், மற்ற கணக்குகளை விட்டுத் தள்ளி, விளக்கு மாடத்துக்குக் கீழே மூன்று நெட்டைக் கோடுகள் புதிதாக நின்றன. கூலிக்கோடு இவ்வளவு நீளம் இருக்காதே.

"இது யாரு கணக்கும்மா?"

"இது என் கணக்கு" என்றாள் அம்மா, சோற்றை வடித்துக்கொண்டே.

முதல் கோடு, கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போடுவது. இரண்டாவது, பஸ் போர்டு படிப்பது. மூன்றாவதைச் சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். திண்ணைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, என் காதோரம் குனிந்து, "சைக்கிளு" என்றாள். அவள் மூச்சில் வடிகஞ்சி மணம் அடித்தது. முயற்சி செய்த நாளெல்லாம் கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி. காரியம் கைகூடினால் கோட்டின் மேல் குறுக்கே ஒரு இழுப்பு. அவ்வளவுதான் ஏற்பாடு.

அது 1991. புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்த காலம். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பேரை எங்கள் அப்பத்தாகூட 'சீலாராணி' என்று சொல்லப் பழகியிருந்தாள். பிள்ளையார் கோயில் திண்ணையில் ஓர் அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பெண்கள். பக்கத்து ஊரிலிருந்து ஓர் அண்ணன் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்க வருவார். வயதுக்கு மூத்த பெண்கள்கூட அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அங்கே வியப்பாக இருந்தது, அவர்கள் 'அ, ஆ' என்று ஆரம்பிக்காததுதான். எடுத்த எடுப்பில் 'பட்டா', 'படி' என்று முழுச் சொல். பட்டா என்றதும் பெண்கள் நிலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். யார் பேரில் இருக்கிறது, யார் பேருக்கு மாற்ற வேண்டும், மாற்றுவதற்கு எத்தனை நடை நடந்தார்கள். அந்தப் பேச்சு ஓய்ந்த பிறகு பார்த்தால், 'ப'வும் 'ட்'டும் எல்லாருக்கும் கையில் படிந்திருக்கும்.

அம்மாவின் பேரில் ஒரு 'ழ' உண்டு. மற்ற எழுத்தெல்லாம் வந்த பிறகும் அது மட்டும் வரவில்லை. மேலே ஒழுங்காகத் தொடங்கி, கீழே வளைக்கிற இடத்தில் கை திகைத்து நின்றுவிடும். முறத்தில் பரப்பிய தவிட்டில் எழுதினாள். மெழுகிய தரை காய்வதற்குள் விரலால் எழுதினாள். கடலைக் கொல்லையில் களைவெட்டுக்கு நடுவே, களைக்கொத்தின் நுனியால் செம்மண்ணில் ஒரு 'ழ' போட்டுவிட்டு, யாராவது வந்தால் காலால் தேய்த்துவிடுவாள். இரவு சுவரில் ஒரு புள்ளி வைப்பாள். வெட்டு மும்முரமான வாரங்களில் புள்ளியே விழாது; அதற்காக அவள் கோட்டை அழித்ததும் இல்லை, மறுவாரம் இரட்டைப் புள்ளி வைத்து ஈடுகட்டியதும் இல்லை. விட்ட இடத்தில் அடுத்த புள்ளி, அவ்வளவே. இன்றைக்கு என் கைபேசியில் நடந்த அடிகளை எண்ணுகிற செயலி ஒன்று இருக்கிறது. ஒருநாள் விட்டாலும் அது நினைவூட்டிக்கொண்டே இருக்கும். அம்மாவின் சுவர் யாரையும் எதுவும் கேட்டதில்லை. அந்தப் பொறுமை எனக்கு இன்றும் மேலானதாகவே படுகிறது.

ரேஷன் கடையில் அந்தக் கோட்டுக்கு முடிவு வந்தது. கடைக்காரர் வழக்கம்போல மைப்பெட்டியைத் திறந்து அம்மா பக்கம் நகர்த்தினார். அந்த மையில் கட்டைவிரலை அமுக்கிவிட்டு, பிறகு அதைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வது எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் கைப்பழக்கம். அம்மா பெட்டியை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினாள். "பேனாவக் குடுங்க." பின்னால் வரிசையில் மண்ணெண்ணெய்க் கேன்கள் தட்டுகிற சத்தம் நின்றது. அவள் நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, 'ழ'வுக்கு மட்டும் ஒரு மூச்சு நிறுத்தி, கட்டத்துக்கு வெளியே வால் நீள, எழுதி முடித்தாள். கடைக்காரர் நோட்டைத் தன் பக்கம் திருப்பி வாய்விட்டு அவள் பேரைப் படித்தார். அன்றைக்கு ராத்திரி குறுக்கிழுப்புப் போடக் கரித்துண்டை என்னிடம் கொடுத்தாள்.

அதைப் பார்த்து நானும் சுவரில் கோடு போட ஆரம்பித்தேன். பதினாறாம் வாய்ப்பாடு, குரங்கு பெடலிலிருந்து சீட்டுக்கு ஏறுவது, ஊருணியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீச்சல், பூப்பறிக்கிற போட்டியில் சித்தப்பா மகளை ஜெயிப்பது என்று வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு. அம்மா பார்த்துவிட்டு, "மூணுக்கு மேல போடாதத்தா" என்றாள். "சொவரு பத்தாதுன்னு சொல்லல. ராத்திரி கண்ண மூடிப் படுக்கையில மனசுலயே எண்ணிப் பாக்க முடியணும்ல." சித்தப்பா மகளை விட்டுக்கொடுக்க எனக்கு மனமே வரவில்லை.

இரண்டாவது கோட்டின் கதைதான் எனக்கு ரொம்ப முக்கியம். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அதுவரை அம்மா பஸ்ஸை அடையாளம் கண்டது நிறத்தை வைத்து, கண்டக்டர் முகத்தை வைத்து, இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு. ஒருமுறை ஆலங்குடிக்குப் போக வேண்டியவள் அறந்தாங்கி பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, இருட்டுகிற நேரத்தில் இடுப்பில் தம்பியோடு நடந்து வந்தாள். அறிவொளிக்கு ஓர் அளவு இருந்தது: நிமிஷத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், 7 சொல் பார்த்து எழுத வேண்டும், 5 சொல் சொல்லக் கேட்டு எழுத வேண்டும், நூறு வரை எண் தெரிய வேண்டும். வாத்தியார் கைக்கடிகாரத்தைக் கழற்றி அரிக்கேன் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். விளக்கில் விட்டில்பூச்சி விழுந்துகொண்டிருந்தது. அம்மா படித்தாள், எழுதினாள், தேறினாள். நான் இருட்டில் வீட்டுக்கு ஓடிவந்து இரண்டாவது கோட்டில் இழுப்புப் போடக் கரியை எடுத்தேன். பின்னாலேயே வந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வாத்தியாரு கணக்கு அவருகிட்ட இருக்கட்டும். நா எழுத்துக்கூட்டிப் படிக்கிற வரைக்கும் பஸ்ஸு நின்னுக்கிட்டா இருக்கும்?"

அவள் வைத்துக்கொண்ட அளவு வேறு. பஸ் வளைவில் திரும்பி வரும்போதே, நிற்பதற்கு முன், போர்டைப் படித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஊருக்குள் வருகிற ஒரே பஸ்ஸுக்குக்கூட, அது எங்கே போகும் என்று தெரிந்திருந்தும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பாள். சந்தைக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில் ஸ்டாண்டில் வேண்டுமென்றே இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நிற்போம். கந்தர்வகோட்டை, பொன்னமராவதி, கீரனூர், இலுப்பூர். அவள் உதடு அசைவதை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். வறுத்த கடலைப் பொட்டலத்தின் காகிதத்தைக்கூட, காலியானதும் பிரித்து நீவிப் படிப்பாள். பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளை அடித்தபோது, பால், கூலி, அரிசி எல்லாக் கணக்கும் மட்டையின் கீழே மறைந்தன. மாடத்துக்குக் கீழே ஒரு சாண் அகலம் மட்டும் பழைய கறுப்பாகவே விடப்பட்டது. அப்பத்தா பார்த்தாள். வாயில் வெற்றிலை இருந்ததாலோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை. மாசி மாதம் ஒரு மத்தியானம், தூசியோடு திரும்பிய ஒரு பஸ்ஸைப் பார்த்து "ஆலங்குடி!" என்று ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள் அம்மா. வந்து நின்றது ஆலங்குடி வண்டிதான்.

சைக்கிளுக்கு அவ்வளவு நாள் ஆகவில்லை. அறிவொளியில் அதுவும் ஒரு பாடமாகவே இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தைலமரக்காட்டு ஓரத்தில் பொட்டல் நிறையப் பெண்கள், வாடகை சைக்கிள்களோடு. தைலமர இலை நசுங்குகிற வாசனை, செயினில் போட்ட எண்ணெய் வாசனை, கீழே விழுந்து எழுகிற சிரிப்பு. நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு "விட்றாத, விட்றாத" என்று கத்துவாள், நான் எப்போதோ விட்டிருப்பேன். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே பலரும் பழகினார்கள். பிறகு லேடீஸ் சைக்கிள் கிடைத்தபோதும் சிலர் மாறவில்லை. முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதற்காகப் பெண்கள் அதை விரும்பினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எங்கள் மாவட்டத்தைப் பற்றி எழுதியதைப் பெரியவளான பிறகு படித்தேன். அந்தப் பாரில் துண்டு சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளில் என் தம்பியும் ஒருவன்.

அம்மாச்சி ஊருக்கு மூவருமாகப் போனோம், தம்பி முன்னால், நான் கேரியரில். வழியில் கண்மாய்க்கரை மேட்டில் மட்டும் இறங்கித் தள்ளினோம். அம்மாச்சி வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, எங்களுக்குப் பின்னால் ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தாள்.

"யாருத்தா கொண்டாந்து விட்டது? மாப்பிள்ள எங்க?"

"யாரும் விடலம்மா. நாந்தான் ஓட்டியாந்தேன்."

அம்மாச்சி புளி ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துவிட்டு வந்து, ஹேண்டில்பாரைத் தொட்டுப் பார்த்தாள், மணியை ஒருதரம் அடித்துப் பார்த்தாள், கேரியரைக் கையால் அழுத்திப் பார்த்தாள்.

"இது என்னயத் தாங்குமா?"

"ஏறித்தான் பாரேன்" என்றாள் அம்மா.