காத்திருப்பின் கூலி

குரோம்பேட்டையில் இரவு பதினொரு மணிக்கு மேல் ஜி.எஸ்.டி. சாலையின் குரல் மாறிவிடுகிறது. பகல் முழுவதும் பேருந்துகளும் இரு சக்கர வண்டிகளும் எழுப்பிய இரைச்சல் மெல்ல அடங்கும். பிறகு கேட்பதெல்லாம் கனத்த சக்கரங்களின் ஓசையே. மாநகருக்குள் பகலில் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால், தெற்கிலிருந்து வரும் லாரிகள் இருட்டிய பின்னரே துணிந்து நுழைகின்றன. அவ்வோசையைத் தாலாட்டாகக் கேட்டு உறங்கப் பழகி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அதை ஓட்டி வருபவர் எப்போது உறங்குவார் என்ற கேள்வி அத்தனை ஆண்டுகளில் எங்கள் வீட்டில் ஒருமுறைகூட எழுந்ததில்லை.

இத்தனைக்கும் இது சாலையால் வாழும் ஊர். தோலைக் குரோமிய உப்பால் பதனிடும் குரோம் லெதர் கம்பெனி இங்கு இயங்கியதால்தான் இவ்வூருக்கே இப்பெயர் வாய்த்தது. அந்தக் காலந்தொட்டு மூட்டை வருவதும் மூட்டை போவதுமே இவ்வூரின் பிழைப்பு. அரிசியும் சிமெண்டும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோலும் யாரோ ஒருவர் கண் விழித்து ஓட்டி வந்தவையே.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் தாயார் இறைவனடி சேர்ந்தார். திண்டுக்கல்லை அடுத்த சொந்த ஊரில் அவர் தனியே வாழ்ந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. தேக்குக் கட்டில், இரும்பு பீரோ, ஆட்டுக்கல், பித்தளைப் பாத்திரங்கள், கண்ணாடிச் சட்டமிட்ட திரு இருதய ஆண்டவர் படம் ஆகியவற்றை விற்க மனம் வரவில்லை. திண்டுக்கல்லில் ஒரு புக்கிங் ஆபீசை அணுகினோம். சென்னையிலிருந்து சரக்கிறக்க வந்து, வெறுமையாய்த் திரும்பவிருந்த லாரி ஒன்று கிடைத்தது. பதினான்காயிரம் கேட்டார்கள். ‘திரும்புகிற வண்டிதானே, எப்படியும் போகத்தானே வேண்டும்’ என்று வாதிட்டுப் பதினோராயிரத்து ஐந்நூறுக்கு முடித்தோம். அந்தச் சாமர்த்தியத்தை வழி நெடுகப் பேசி மகிழ்ந்தோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நானூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். காலை ஐந்து மணிக்கு லாரி எங்கள் தெருவில் வந்து நின்றது. ஓட்டுநர் நாற்பது வயதுக்காரர். உதவியாளர் எவரும் உடன் இல்லை. ஆனால் பொருள்களை இறக்க ஆள்கள் இல்லை. சுமை தூக்குவோர் கேட்ட கூலி அதிகம் என்று கருதி, பங்கின் இளைஞர்கள் நால்வரிடம் சொல்லி வைத்திருந்தோம். அவர்களோ கல்லூரி முடிந்து பிற்பகல்தான் வருவார்கள். ‘சற்றுப் பொறுங்கள்’ என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டுக் காலைத் திருப்பலிக்குச் சென்றோம்.

சென்னை மக்கள் அவ்வாண்டை எளிதில் மறக்கமாட்டார்கள். ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்த ஆண்டு அது. எங்கள் தெருவுக்கும் தண்ணீர் லாரிதான் கதி. அது வரும்போதெல்லாம் வழிவிடுவதற்காக அந்த ஓட்டுநர் தம் வண்டியைத் தெருமுனை வரை பின்னால் எடுத்துச் சென்று, மீண்டும் கொண்டுவந்து நிறுத்தினார். இப்படி நான்கு முறை. இடையே பள்ளி வேன் வேறு. இரவெல்லாம் விழித்தவர் பகலில் கண்ணயர ஒரு மணி நேரங்கூடக் கிடைக்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு இளைஞர்கள் வந்தார்கள். நாலரைக்குப் பொருள்கள் இறங்கின. திரு இருதய ஆண்டவர் படத்தை அவரே தம் கையால் இறக்கிக் கொடுத்தார். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

கணக்குத் தீர்க்கும்போது, “ஐயா, காலையிலேருந்து நிக்குது வண்டி. ஒரு ஐந்நூறு சேர்த்துக் கொடுங்க” என்றார். “பேசியது பேசியதுதானே அப்பா” என்றோம். அவர் கோபப்படவில்லை. “வண்டி ஓடினாத்தான் எனக்குப் படி. நின்னா ஒண்ணுமில்ல. நீங்க கொடுக்கலைன்னா ஓனரும் கொடுக்கமாட்டாரு” என்று விளக்கமாகச் சொன்னார். எங்கள் நிலைமையையும் நாங்கள் விளக்கமாகச் சொன்னோம். அவர் தார்ப்பாயை மடித்து, கயிற்றைச் சுருட்டி மேலே எறிந்துவிட்டுப் போனார்.

அன்றிரவு வீட்டுக் கணக்கு நோட்டில் வரவு செலவை எழுதும்போது உறுத்திற்று. எனினும் உறுத்தல்களை உறங்கச் செய்யும் வழி குடும்பத்தாருக்குத் தெரியாததா? ஒப்புக்கொண்ட தொகையை ஒரு ரூபாய் குறையாமல் கொடுத்திருக்கிறோம். இதில் அநீதி எங்கே?

இதே கேள்வியைத் தெருக்கோடியில் வாழும் பெரியவர் ஒருவரிடம் சில வாரங்கள் கழித்துக் கேட்டோம். இருபத்தெட்டு ஆண்டுகள் லாரி ஓட்டியவர். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் எத்தனை முறை போய்வந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. ஞாயிறு திருப்பலியில் நீண்ட நேரம் அமர முடியாமல் தூணோரம் நிற்பவர் அவரே. முதுகு பழுதுபட்ட காரணத்தை அன்றுதான் கேட்டறிந்தோம். தந்தையின் அடக்கத்துக்கு அவரால் வர முடியவில்லை. தந்தி லாரி ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது அவர் நாக்பூரைத் தாண்டிக்கொண்டிருந்தார். மூத்த மகள் பிறந்து பதினெட்டு நாள்களுக்குப் பின்னரே அவள் முகத்தைக் கண்டார். இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை; பழைய வழித்தடங்களைச் சொல்வதுபோல் சொன்னார்.

கூலி நியாயமானதா என்று கேட்டபோது அவர் உடனே ‘இல்லை’ என்று சொல்லிவிடவில்லை. “ஊரிலே களை வெட்டினவனை விட எனக்குக் கூடத்தான் கிடைச்சது” என்றார். முதலாளி மீதும் பழி போடவில்லை. ஒரே லாரியைக் கடனில் வாங்கி, மாதத் தவணை, டீசல், டயர், காப்பீடு, சுங்கச்சாவடி எல்லாம் போகக் கையில் மிஞ்சுவதை எண்ணிப் பார்க்கும் முதலாளியின் நிலை அவருக்கு நன்றாகத் தெரியும். வாடகையைக் குறைத்துக் கேட்பவர் ஒருவர், குறைத்து ஒப்புக்கொள்பவர் மற்றொருவர். டீசலும் டயரும் எவருக்காகவும் விலை குறைவதில்லை. குறைக்கக்கூடியதாய் எஞ்சி நிற்பது ஓட்டுகிறவரின் பங்கும் உறக்கமுமே. “வண்டியோட்டின வலியெல்லாம் சரிதான். கொடவுன் வாசல்லே கிடந்த நாளைத்தான் யாருமே கணக்குலே சேர்க்கலே” என்று மட்டும் சொன்னார்.

சரக்கு ஏற்றக் காத்திருப்பு, இறக்கக் காத்திருப்பு, ரசீதுக்குக் காத்திருப்பு, திரும்பும் சுமைக்குக் காத்திருப்பு. சென்னைத் துறைமுகத்தை நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர்ச் சாலையில் வரிசையாய்க் கிடந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவ்வேளையில் ஓட்டுநர் வண்டியை விட்டு அகல முடியாது. பேட்டரிக்கும் டீசலுக்கும் சரக்குக்கும் அவரே காவல். அது ஓய்வுமன்று, பெரும்பாலும் ஊதியத்துக்குரிய வேலையுமன்று.

சட்டம் இதைக் காணாமலில்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. நெடுந்தூர வழிகளில் 10 மணி நேரமும் 54 மணி நேரமும் வரை இடம் தந்தது. மிகைநேரத்துக்கு இரு மடங்கு ஊதியம் என்றது. ஆனால் ஐந்து தொழிலாளரேனும் பணிபுரியும் நிறுவனங்களுக்கே அது பொருந்தும். ஒரு லாரி, இரு லாரி வைத்திருப்போர் மலிந்த இத்தொழிலில் அந்த ஒரு வரியில் எத்தனை பேர் நழுவியிருப்பார்கள்! அதே சட்டத்தில் மற்றொரு நுணுக்கமும் இருந்தது. நிலையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்கு உட்பட்டதாயின் வேலை நேரத்தில் சேரும். எங்கள் தெருவில் அவர் நின்றது பத்து மணி நேரத்துக்கும் மேல். அச்சட்டம் பின்னர் 2020-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் ஒன்றில் இணைக்கப்பட்டது. தேசிய உரிமம் பெற்ற லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதியோ 2018-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. துணைக்கு ஆளின்றி ஒருவரே வந்து இறங்குவதைக் கண்டு வியக்க இனி இடமில்லை.

சேவ் லைஃப் பவுண்டேஷன் 10 நகரங்களில் லாரி ஓட்டுநர்களைச் சந்தித்து நடத்திய ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறக்குறைய 12 மணி நேரம் ஓட்டுகிறார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் களைப்பும் தூக்கமும் மேலிட்ட நிலையிலும் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். நூற்றுக்கு 84 பேர் தம் உறவினர் எவரையும் இத்தொழிலுக்கு வரச் சொல்லமாட்டோம் என்றார்கள். தச்சர் மகன் தச்சனாவதையும் ஆசிரியர் மகள் ஆசிரியையாவதையும் பெருமையாய்ப் பேசும் நாட்டில் இதைவிடக் கசப்பான சம்பளப் பட்டியல் வேறு வேண்டுமா?

நன்மை எதுவும் நடக்கவில்லை என்றும் கூறலாகாது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டன. (அந்த வரியும் எங்கள் சாலையும் ஒரே சுருக்கப் பெயரைத் தாங்கி நிற்பது ஒரு வேடிக்கை.) 2021 முதல் ஃபாஸ்டேக் கட்டாயமாகிச் சுங்கச்சாவடி வரிசையும் குறைந்தது. 2025 அக்டோபர் முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டது. சாலையில் தடை குறையக் குறைய ஒரு மாதத்தில் கூடுதல் நடை ஓட்ட முடிகிறது. ஆனால் மிச்சமான அந்த நேரம் ஓட்டுநருக்கு உறக்கமாகத் திரும்பியதா, இன்னொரு சுமையாகத் திரும்பியதா என்று கேட்டால், பெரியவர் சிரிக்கிறார்.

வெளிநாட்டில் மட்டும் எல்லாம் செம்மையாய் நடக்கிறது என்று எண்ணுவதற்கும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும்; வண்டியில் பொருத்திய கருவியே அதைப் பதிவு செய்கிறது. அத்தகைய இடத்திலும் 2023 வசந்த காலத்தில், ஜெர்மனியின் கிரேஃபென்ஹவுசன் என்னும் நெடுஞ்சாலை ஓய்விடத்தில், ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் முதலிய நாடுகளைச் சேர்ந்த ஓட்டுநர்கள் சுமார் 60 பேர் லாரிகளை வரிசையாய் நிறுத்திவிட்டு அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டது ஊதிய உயர்வன்று. ஓட்டி முடித்த வேலைக்குத் தராமல் வைத்திருந்த பணத்தையே கேட்டார்கள். வாரக்கணக்கில் அமர்ந்திருந்து அதைப் பெற்றார்கள்.

எங்கள் வாதத்துக்கு, ‘பேசியது பேசியதுதான்’ என்ற அந்த வாதத்துக்கு, வருவோம். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் எழுதிய சுற்றுமடலில் இதே வாதத்தை எடுத்து ஆராய்கிறார். இருவரும் மனமொப்பிப் பேசிக்கொண்ட கூலி என்பதாலேயே அது நியாயமாகிவிடாது; தேவையின் நெருக்கடியால் ஒருவர் குறைவானதற்கு இசைந்தால், அவர் வன்முறைக்கு உள்ளானவரே என்பது அவர் கருத்து. எங்கள் வீட்டு அலமாரியில் அந்த நூல் நெடுநாளாய் இருக்கிறது. அடிக்கோடுகூட இட்டிருக்கிறோம்.

திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமையையும் அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு விதமாய்க் கேட்க நேர்ந்தது. கடைசி மணி நேரத்தில் வந்தவர்களுக்கும் முழு நாள் கூலி கொடுத்த நிலக்கிழாரின் தாராளத்தையே இத்துணை நாளும் எண்ணி வந்தோம். அவர்கள் அதுவரை எங்கிருந்தார்கள்? சந்தை வெளியில் நின்றிருந்தார்கள். எவரும் வேலைக்கு அழைக்காததால் வெயிலில் காத்திருந்தார்கள். மாலையில் அவர்கள் கையில் விழுந்த தெனாரியத்தில் அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்தே கூலி இருந்தது போலும்.

ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துவிடலாம் என்று புக்கிங் ஆபீசுக்குத் தொலைபேசியில் பேசினோம். அந்த லாரி கைமாறிவிட்டதாகவும் ஓட்டுநர் வேறு வண்டிக்குப் போய்விட்டதாகவும் சொன்னார்கள். அவருடைய எண் அவர்களிடமும் இல்லை. அவர் பெயரை நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை.

சென்ற ஆண்டு மகளின் வீட்டுச் சாமான்களைக் கோவையிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. இம்முறை வாடகை பேசும்போதே, “காத்திருக்க நேர்ந்தால் மணிக்கு எவ்வளவு? சீட்டில் எழுதிவிடுங்கள்” என்றோம். புக்கிங் ஆபீஸ்காரருக்கு வியப்பு. “அதெல்லாம் டிரைவர் பாத்துக்குவாருங்க. நீங்களே ஒரு தொகை சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்றார். என்ன தொகை சொல்வதென்று தெரியவில்லை. தெருக்கோடிப் பெரியவரிடம் போய் வினவினோம். அவர் நெடுநேரம் யோசித்தார். விரல்விட்டு எதையோ எண்ணிப் பார்த்தார், மறுபடியும் எண்ணினார்.

“இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே ஐயா, நான் என்னன்னு சொல்ல?” என்றார்.