சின்ன பின், பெரிய பின்

அமெரிக்காவின் எடிசன் ஊரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு இழுப்பறை ஒயர்களுக்கென்றே கிடக்கிறது. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா, தன் பழைய போனுக்குச் சார்ஜர் தேடி அதைத் திறந்தாள். "இதுல சின்ன பின் எதுடா?" நோக்கியா காலத்துப் பேச்சு இன்னும் அவளை விடவில்லை. அப்போது பெரிய பின் 3.5 மில்லிமீட்டர், சின்ன பின் 2. அவள் போனுக்கு எதுவும் பொருந்தவில்லை. "தண்ணிக் குழாய்க்கெல்லாம் ஒரே மரைதானே? இதுக்கு மட்டும் ஏன் ஆளுக்கொரு ஓட்டை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவே தேடத் தொடங்கினேன்.

தேடல் வதோதராவில் படித்த அஜய் பட் என்பவரிடம் கொண்டுபோய் விட்டது. நியூயார்க் சிட்டி காலேஜில் மேல்படிப்பு முடித்து, 1990இல் இன்டெலில் சேர்ந்தவர். மவுஸ், கீபோர்டு, பிரின்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாய் இருந்த காலம். எல்லாவற்றுக்கும் ஒரே வாய் போதும் என்று வாதாடினார். இன்டெல், ஐபிஎம், மைக்ரோசாப்ட், டெக்ஸாஸ் ஹூஸ்டனின் காம்பேக் உட்பட ஏழு நிறுவனங்கள் கூடி, 1996 ஜனவரியில் யூஎஸ்பி விதிமுறையை வெளியிட்டன. ராயல்டி கேட்கவில்லை. அதனால்தான் அது ஊரெல்லாம் பரவியது.

அந்த யூஎஸ்பி முனையை ஏன் தலைகீழாகத் திருப்பிச் செருக முடியவில்லை? பட் பின்னாளில் காரணம் சொல்லியிருக்கிறார்: இரு பக்கமும் பொருந்த வேண்டுமானால் ஒயரும் சர்க்யூட்டும் இரட்டிப்பாகும், விலை ஏறும். விலை ஏறினால் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவர் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது.

2012இல் வந்த ஐபோனின் லைட்னிங் முனையைத் திருப்பிச் செருகலாம். ஆனால் அது ஆப்பிளுக்கு மட்டுமே சொந்தம். 2014 ஆகஸ்டில் யூஎஸ்பியின் புது வடிவமான டைப்-சி வந்தது. அதையும் எப்படியும் திருப்பிச் செருகலாம். பூதக்கண்ணாடி வைத்து அதன் வாய்க்குள் பார்த்தேன். நடுவில் மெல்லிய நாக்கு. மேலே 12 தகடு, கீழே 12. அவற்றில் இரண்டுக்கு ஒரு முக்கிய வேலை: ஒயர் எந்தப் பக்கமாக நுழைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அது தெரிந்த பிறகே மின்சாரம் பாயும். இன்னொன்று என்னை நெகிழவைத்தது. தேய்ந்துபோகும் ஸ்பிரிங்கை போனில் வைக்காமல் ஒயர் முனையில் வைத்திருக்கிறார்கள். கெட்டால் ஒயரை மாற்றினால் போதும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு டைப்-சியைக் கட்டாயமாக்கியது. ஆப்பிள் அதற்கு முந்தைய ஆண்டே ஐபோன் 15இல் மாறிவிட்டது. அந்த போன் ஸ்ரீபெரும்புதூரிலும் தயாரானது. 2006 முதல் 2014 வரை நோக்கியாவின் சின்ன பின் போன்கள் வந்ததும் அதே ஊரிலிருந்துதான்!

அடுத்து ஓட்டையே இல்லாத போன் வரும் என்று இங்கே நண்பர்கள் ஆசையோடு பேசுகிறார்கள். ஒயரில் சார்ஜ் ஆகும் போனுக்குத்தான் அந்தச் சட்டம். ஓட்டையே இல்லாவிட்டால் அது தடுக்காது. 2022இல் அமெரிக்க ஐபோனில் சிம் வாயை அடைத்தது போல இதையும் அடைத்துவிடலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. ஒயரில்லா சார்ஜிங்கில் மின்சாரத்தின் ஒரு பங்கு சூடாகவே வீணாகிறது. பஸ் ஸ்டாண்டு கடையில் கடன் வாங்கிய ஒயர் கொடுக்கும் தைரியத்தை எந்த ஒயரில்லா சார்ஜிங் தட்டும் கொடுக்காது.

அம்மாவுக்கு டைப்-சி போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு எட்டிப் பார்த்தேன். லைட் போடாமல், கட்டிலில் படுத்தபடியே தடவிச் செருகிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.