அண்ணி என்றொரு கணக்கு

ஒன்பது ஆண்டுகளாக என் மடிக்கணினியைத் திறக்கும்போதெல்லாம் திரையின் நடுவே 'அண்ணி' என்று வரும். 2016-இல் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தட்டச்சு செய்வதற்காக வாங்கிய கணினி அது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து நானே வாங்கினேன். கரூரிலிருந்து குஜிலியம்பாறை வரை பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்ததும் நான்தான். ஆனால் பெட்டியைப் பிரித்து முதன்முதலில் அதை இயக்கியது என் கொழுந்தன். திருப்பூரில் கணினி வேலை பார்க்கிறவர், கெட்டிக்காரர். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அரை மணி நேரத்தில் விண்டோஸை அமைத்து முடித்தார். இரண்டு கணக்குகளை உருவாக்கினார். ஒன்று அவர் பெயரில், அதுதான் நிர்வாகி. இன்னொன்று எனக்கு. என்னை எப்படிக் கூப்பிடுவாரோ அதையே பெயராக வைத்தார். கடவுச்சொல், என் கணவரின் பிறந்த தேதி.

"மறந்துட்டாலும் வீட்ல யாரக் கேட்டாலும் சொல்லிருவாங்க அண்ணி" என்றார். அக்கறையோடு சொன்னதுதான்.

அதன்பிறகு அந்தக் கணினியில் எதை நிறுவ வேண்டுமென்றாலும் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். திருப்பூருக்குப் போன் செய்வேன். ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுத் தருவார். நிலத்தின் பட்டா, மின் இணைப்பு, வண்டியின் ஆர்.சி. எல்லாமே ஆண்கள் பெயரில் இருக்கிற வீட்டில் இது எனக்கு உறுத்தவே இல்லை.

உறுத்தியது ஒரு மதிய விருந்தில். உறவினர்கள் வந்திருந்தார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் என் கணவர், "இவ ஒரு கவிதை எழுதியிருக்கா, கேளுங்க" என்று என் கணினியைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார். முதல் நாள் இரவு எழுதியது, முடிவு பெறாதது, படுக்கையறையின் அலுப்பைப் பற்றியது. நான்காவது வரியில் அவர் குரல் தடுமாறியது. யாரோ சிரித்தார்கள். யாரோ, "டீச்சரம்மா பெரிய ஆளுதான்" என்றார்கள். நான் கரண்டியோடு நின்றேன். அவர் என்னை அவமதிக்க நினைக்கவில்லை, பெருமைப்படத்தான் நினைத்தார். அதனால் கோபப்படவும் முடியவில்லை.

அன்றிலிருந்து நான் விருந்தினர் முன்னால் வாசிக்கத் தகுந்த கவிதைகளையே எழுதினேன். அப்போது வந்த தொகுப்பைப் பற்றிப் பேசிய நண்பர் ஒருவர், என் மொழிக்கு ஒரு நிதானம் வந்துவிட்டது என்று பாராட்டினார். அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. ஆதரவு முடிந்தால் கணினி நின்றுவிடாது. மென்பொருளில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வருவது நிற்கும், அவ்வளவுதான். விண்ணப்பித்தால் ஓராண்டு நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் 2016-க்குப் பிந்தைய செயலியும் வேண்டும். என் கணினி தகுதி பெறவில்லை என்று திரையில் வந்தது. தீபாவளித் தள்ளுபடி நேரம். "புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம், தம்பி வந்து செட் பண்ணித் தந்துருவான்" என்றார் கணவர்.

அந்த வாரத்தில்தான் என் மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். அவளுடைய அக்காவுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி இப்போது அவளிடம் இருக்கிறது. அது பழுதாகி, ஒரு கடையில் கொடுத்திருக்கிறாள். கடைக்காரர் கேட்டதால் கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கணினி சரியாகித் திரும்பிவந்த சில நாட்களில், தெரியாத எண்ணிலிருந்து அவளுடைய படமே அவளுக்கு வந்தது. அக்கா கல்யாணத்தில் தாவணியில் எடுத்த படம். அவள் எங்கேயும் பகிராதது. கூடவே ஒரு வரி: தாவணியில் அழகாக இருக்கிறாயாம்.

"வீட்ல சொன்னா காலேஜுக்கு அனுப்ப மாட்டாங்கம்மா. அந்த லேப்டாப்பத் தொடவே கூசுது" என்றாள்.

புகார் கொடுக்கும் வழிகளைச் சொன்னேன். கூடவே இருந்து செய்தோம். அது தனிக் கதை. ஆனால் அன்று வீட்டுக்கு வரும்போது பேருந்தில் எனக்கு ஒன்று புலப்பட்டது. இவளுக்கும் எனக்கும் நடந்தது ஒன்றேதான். ஒருவர் அன்பால் திறந்தார், இன்னொருவர் வக்கிரத்தால் திறந்தார். இருவருக்கும் சாவியைக் கொடுத்தது நாங்கள்தான். கொடுக்காமல் இருக்க முடியும் என்பதே எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பிளஸ் டூ மாணவிகள் முதல்முறையாகத் தங்கள் பெயரில் ஓர் இயந்திரத்தைக் கையெழுத்திட்டு வாங்கினார்கள். அந்தக் கணினிகளில் 'பாஸ்' என்ற இயங்குதளமும் இருந்தது. சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்காக உருவாக்கிய லினக்ஸ் வகை அது. அதை எப்படிப் பயன்படுத்துவதென்று எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. வாங்கிய வாரத்திலேயே கணினி அண்ணன் கைக்கோ மாமா பையன் கைக்கோ போகும். "அத எடுத்துட்டு வேற போட்டுத் தர்றேன்" என்பார்கள். திரும்பி வரும்போது நிர்வாகி வேறொருவராக இருப்பார். ஒரு கணினியில் முதல் கணக்கை உருவாக்குகிறவரே அதன் நிர்வாகி. பெயரும் கையெழுத்தும் நம்முடையதாக இருந்து, அந்த முதல் அரை மணி நேரம் இன்னொருவருடையதாக இருந்தால், இயந்திரம் அவருடையதுதான். மார்ச் 2025 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் இருபது லட்சம் பேருக்கு மறுபடியும் கணினி என்று அறிவித்தார்கள். அந்த அரை மணி நேரத்தைப் பற்றியும் நாம் பேச வேண்டும்.

புதிது வாங்க வேண்டாம், பழைய கணினியில் நானே லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். இலவசம், பழைய கணினிக்கும் ஒத்துவரும். வழிகாட்டத் தமிழில் 'கணியம்' மின்னிதழ் 2012 முதல் இருக்கிறது. மின்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பெண் பெயர். 2006-இல் வந்த முதல் பதிப்பு 'அடா', நான் இறக்கியது 'ஜாரா'. இதற்கெல்லாம் அடித்தளமான டெபியனை 1993-இல் தொடங்கிய இயான் மர்டாக், தன் பெயரோடு அன்றைய காதலி டெப்ராவின் பெயரையும் சேர்த்து அந்தப் பெயரை உண்டாக்கினார். 'பாஸ்' இயங்குதளமும் டெபியன் வழி வந்ததே. இயந்திரத்துக்குள் பெண் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. சாவி யாரிடம் என்பதே கேள்வி.

கல்லூரியின் இணைய இணைப்பில் கோப்பை இறக்கினேன், 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. அது பழுதோ கலப்படமோ இல்லாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரிபார்ப்புக் குறி உண்டு. தளத்தில் உள்ளதையும் என் கணினி காட்டியதையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். பாடபேதம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சிரமமாக இல்லை. பிறகு எட்சர் என்ற மென்பொருளால் பென்டிரைவில் ஏற்றினேன்.

தீபாவளிக்கு மறுநாள், வீடு தூங்கிக்கொண்டிருந்த மதியத்தில், பென்டிரைவைச் செருகி எஃப்12 விசையை அழுத்திக் கணினியைத் திறந்தேன். எதையும் அழிக்காமல், பென்டிரைவிலிருந்தே மின்ட் ஓடத் தொடங்கியது. கோப்புறைகளைச் சொடுக்கினேன். என் பழைய விண்டோஸ் வட்டு அங்கே தெரிந்தது. அதையும் சொடுக்கினேன். கடவுச்சொல் கேட்கவே இல்லை. ஆய்வேடு, கவிதைகள், படங்கள், விண்ணப்பங்கள், அம்மாவின் மருத்துவச் சீட்டுகள் எல்லாம் வரிசையாகத் திறந்தன. இத்தனை வருடம் தட்டித் திறந்த கடவுச்சொல் முன்கதவுக்கு மட்டுமானது. பின்பக்கம் சுவரே இல்லை. ஒரு பென்டிரைவ் இருந்தால் யாரும் உள்ளே வரலாம். மாணவி சீட்டில் எழுதிக் கொடுக்காமல் இருந்திருந்தாலும் அந்தப் படம் போயிருக்கும்.

பின்சுவர் எழுப்புவதற்குப் பெயர் குறியாக்கம். வட்டில் உள்ள எல்லாவற்றையும் சாவி இல்லாதவர்களுக்கு வெறும் எழுத்துக் குப்பையாகத் தெரியும்படி மாற்றிவிடுவது. நிறுவும்போதே செய்துவிடுவது எளிது. பின்னால் செய்வது பெரும்பாடு. எல்லாவற்றையும் முதலில் வெளி வட்டில் நகலெடுத்தேன். நகல் திறக்கிறதா என்றும் பார்த்தேன். பிறகு நிறுவத் தொடங்கினேன். மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. வட்டை முழுவதும் அழிக்கலாமா என்று கேட்ட இடத்தில் கை நடுங்கியது. அதே பக்கத்தில், 'மேம்பட்ட வசதிகள்' என்ற பொத்தானுக்குள்ளே, குறியாக்கத்துக்கான சிறு கட்டம் இருந்தது. தேடிப் போகாதவர்களுக்கு அது கண்ணில் படாது. அதில் குறியிட்டுத் தொடர்ந்தேன்.

பிறகு 'உங்கள் பெயர்' என்று கேட்டது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயரைத் தட்டினேன்.

கடவுச்சொல்லுக்கு நான் கற்றது இது: பிறந்த தேதி, பிள்ளை பெயர், வண்டி எண் வேண்டாம். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக வைத்தால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் முடியாது. பாடத்தில் வரும் செய்யுள் வரி வேண்டாம். ஊரறிந்த வரி, பூட்டுக்கு ஆகாது. குறியாக்கச் சாவியை மறந்தால் யாராலும் மீட்க முடியாது, தம்பியாலும் முடியாது. எனவே ஒரு தாளில் எழுதினேன். எங்கே வைப்பது? என் அம்மா நினைவுக்கு வந்தார். அஞ்சறைப்பெட்டிக்கு அடியிலும் அரிசிப் பானைக்குள்ளும் அவர் வைத்த சிறுவாட்டுக் காசு, மூன்று பெண்களைப் படிக்கவைத்தது. அப்பாவுக்குத் தெரியாமல் இருந்தது என்பதாலேயே அது மிஞ்சியது. அதைத் திருட்டு என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. தாளை எங்கே வைத்தேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

மீதி வேலைகள் சிறியவை. புதுப்பித்தல்களை முதல் நாளே போட்டேன். ஃபயர்வால் அணைந்தே வரும் என்பதால் அதை இயக்கினேன். எழுந்து போனால் ஐந்து நிமிடத்தில் திரை பூட்டிக்கொள்ளும்படி வைத்தேன். தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருந்தது. திருப்பூருக்குப் போன் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு வெளி வட்டில் நகல் எடுக்கிறேன்.

மாலையில் கணவர் வந்து திறந்து பார்த்தார். "பாஸ்வேர்ட் என்ன?"

"உங்களுக்குத் தனியா ஒரு கணக்கு போட்டிருக்கேங்க. உங்க பேர்ல. நீங்களே பாஸ்வேர்ட் வச்சுக்கோங்க."

"உன்னோடது?"

"அது என்னோடது."

"எம்மேல நம்பிக்கை இல்லையா?"

இந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் எத்தனையோ பெண்கள் கடவுச்சொல்லைச் சொல்லிவிடுகிறார்கள். நம்பிக்கை என்றால் திறந்து வைப்பது என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். "நம்பிக்கை இருக்கு. நீங்க கேட்காம இருப்பீங்கன்னுதான் நம்புறேன்" என்றேன். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தன் கணக்கில் நிலத்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நிர்வாகி அல்லாத, வெறும் பயனர் கணக்கு. ஏதோ நிறுவ வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

குறியாக்கம் எல்லாவற்றையும் காப்பாற்றாது. அணைத்து வைத்திருக்கும் கணினியைத்தான் அது காக்கும். திறந்திருக்கும்போது பின்னால் நிற்கிறவரை அது தடுக்காது. அடித்துக் கேட்கிறவரையும் தடுக்காது. அப்படிப்பட்ட வீடுகளில் ரகசியச் சாவியே ஆபத்தாகலாம். அங்கே முதலில் தேடவேண்டியது கணினிப் பாதுகாப்பை அல்ல, 181 என்ற பெண்கள் உதவி எண்ணை. இணையத்தில் பணம் பறிபோனால் 1930. படம், மிரட்டல் போன்றவற்றுக்கு தேசிய சைபர் குற்றப் புகார் தளமும், மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையமும் உண்டு. வந்த செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுவே சான்று. வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல், எழுதும் பெண்ணுக்கு ஓர் அறையும் வருமானமும் வேண்டும் என்றபோது, அந்தக் கதவுக்குப் பூட்டையும் சேர்த்தே கேட்டார். அறையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பூட்டை மறந்துவிட்டோம்.

விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமை, துறை அறையில் மாணவி தன் கணினியோடு வந்தாள். அவளுடையது மெதுவான இயந்திரம் என்பதால் மின்டின் எடை குறைந்த பதிப்பான எக்ஸ்எஃப்சிஇ-யைத் தேர்ந்தோம். நான் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் அவளே சொடுக்கினாள். வட்டை அழிக்கலாமா என்று கேட்ட இடத்தில் அவள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பெயர், கடவுச்சொல் கேட்டபோது நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே எரியோடு பேருந்து ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஒருவேள மறந்துட்டா? உங்ககிட்ட மட்டும் சொல்லி வைக்கட்டா?"

"எங்கிட்டயும் சொல்லாத" என்றேன்.