முழு வேகத்தில் மட்டும் வெளிப்படும் பழுது

பழைய அவுட்போர்டு எஞ்சின்களுக்கு விந்தையான நோய் ஒன்று உண்டு. கயிற்றை இழுத்தவுடன் உயிர்பெறும். மெல்லிய ஓட்டத்தில் சீராக முனகும். பாதி வேகம் வரை எந்தக் குறையும் காட்டாது. கைப்பிடியை முழுவதும் முறுக்கினால் மட்டும் சில நொடிகள் பாய்ந்துவிட்டுத் தளர்ந்துவிடும். வேகத்தைக் குறைத்தால் மீண்டும் நலம். கரையில் டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்ப்பவருக்கு எஞ்சின் முழு ஆரோக்கியத்துடன் இருப்பதாகவே தோன்றும். அங்கே படகின் பாரம் இல்லை.

இந்நோயின் ஆபத்தைக் கடற்கரையில்தான் உணர முடியும். துறைமுகமற்ற கரையிலிருந்து படகை இறக்குபவர், அலை உடையும் இடத்தை ஒரே மூச்சில் கடந்தாக வேண்டும். முழு வேகம் தேவைப்படுவது அங்கேதான். அந்த இடத்தில் எஞ்சின் தளர்ந்தால் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பும். அதன்பின் கவிழ்வதற்கு அதிக நேரம் ஆகாது.

கேரளக் கடற்கரைச் சிறு மீனவர்களின் கடன் குறித்து நான் ஆய்வு செய்துவருகிறேன். அங்கு ஜூன் இரண்டாம் வாரம் முதல் ஜூலை இறுதிவரை, 52 நாட்கள், இழுவைப் படகுகளுக்குத் தடை. அவுட்போர்டு பொருத்திய மரபுவழிப் படகுகள் அப்போதும் கடலுக்குப் போகலாம். எனவே அவர்களுக்கு அது ஆண்டின் முக்கியமான பருவம். அப்படியொரு மழைக்காலத்தில், ஆலப்புழைக்குத் தெற்கே, கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட ஒரு பட்டறையில்தான் இந்த நோயை அருகிருந்து பார்த்தேன்.

எஞ்சின் 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக். உரிமையாளரிடம் வேறொரு பட்டறையில், பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்துவிட்டன, முழுவதும் பிரித்துச் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். அவரிடம் இல்லை. தரகனிடம் முன்பணம் வாங்கலாம். ஆனால் வாங்கினால், கடன் தீரும்வரை பிடித்த மீனை அந்தத் தரகனே ஏலம் விடுவார், ஒவ்வொரு ஏலத்திலும் கழிவு எடுத்துக்கொள்வார்.

இந்தப் பட்டறைக்காரர் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் வந்தவர். எல்லோரும் ஆசான் என்றே அழைப்பார்கள். அவர் முதலில் ஸ்பேனரை எடுக்கவில்லை. உரிமையாளரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு படகைக் காயலுக்குக் கொண்டுபோனார். “சத்தம் கூடுதா குறையுதான்னு மொதல்ல கேளு மக்களே” என்றார். வேகம் தளரும்போது எஞ்சினின் சத்தம் உயர்ந்தால் எஞ்சினில் குறையில்லை; புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் வழுக்குகிறது என்று பொருள். சத்தமும் சேர்ந்து தாழ்ந்தால் எஞ்சினே வலுவிழக்கிறது. இங்கே சத்தம் தாழ்ந்தது.

அடுத்து, டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸின் நடுவேயுள்ள ரப்பர் குமிழைப் பார்க்கச் சொன்னார். எஞ்சின் தளரும் நேரத்தில் அது தானாகவே சப்பிப்போயிருந்தது. எஞ்சின் உறிஞ்சுகிறது, டேங்கின் பக்கமிருந்து எரிபொருள் வந்துசேரவில்லை. டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் தளர்த்தினார்; மாற்றமில்லை. வேறொரு படகின் டேங்கையும் ஹோஸையும் இரவல் வாங்கி மாட்டினார், படகு பாய்ந்தது. பிறகு இரவல் ஹோஸை வைத்துக்கொண்டு பழைய டேங்கை மாட்டினார், அப்போதும் பாய்ந்தது. பழுது இருந்த இடம் தெரிந்துவிட்டது. பழைய ஹோஸை நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். வெளியே கீறல்கூட இல்லை. உள்ளே ரப்பரின் உட்படலம் உரிந்து நாக்கைப்போல் தொங்கிக்கொண்டிருந்தது.

இதன் காரணம் எளிது. இத்தகைய எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 4 லிட்டர் எரிபொருள் குடிக்கும். மெல்லிய ஓட்டத்தில் அதில் ஒரு சிறு பங்கே போதும். சிறிய தேவைக்கு அந்த நாக்கு வழிவிட்டது. உறிஞ்சும் விசை கூடியபோது அதுவே வழியை அடைத்தது. டேங்க் வடிகட்டியின் அழுக்கு, எரிபொருள் பம்பின் கிழிந்த சவ்வு ஆகியவையும் இவ்வாறே நடந்துகொள்ளும். கார்புரேட்டரின் முதன்மை ஜெட் அடைத்தாலும் மெல்லிய ஓட்டம் கெடாது. அதற்கு வேறு சிறு துளை இருக்கிறது. தளரும் நேரத்தில் குமிழைக் கையால் அமுக்கும்போது வேகம் மீண்டால் எரிபொருள் வரத்தில் குறை. மீளாவிட்டால் ஜெட், ஸ்பார்க் பிளக், கைப்பிடியின் கம்பி கார்புரேட்டரை முழுவதும் திறக்கிறதா என்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது அதற்கு அடுத்தது. எஞ்சினைப் பிரிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

தளர்ந்த எஞ்சினை “ஓடும்வரை ஓடட்டும்” என்று முழு வேகத்திலேயே வைத்திருப்பதும் கேடு. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் மசகெண்ணெய் பெட்ரோலுடன் கலந்தே வருகிறது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடும் ஏறும். சில நூறு ரூபாய் ஹோஸின் பழுது, உண்மையாகவே பிஸ்டனை இறுகச் செய்யும் பழுதாகிவிடும். தவறான கணிப்பைப் புறக்கணிப்பே பின்னர் மெய்யாக்கிவிடுகிறது.

மீனவர் பொருளாதாரம் பற்றிய கணக்கெடுப்புகளில் பழுதுபார்ப்புச் செலவு பெரும்பாலும் ஒரே கட்டத்தில் ஓர் எண்ணாக நிற்கும். ஹோஸ் மாற்றியவரும், தேவையின்றி எஞ்சினைப் பிரித்தவரும் அந்தக் கட்டத்தில் தொகையால் மட்டுமே வேறுபடுவார்கள். இரண்டாமவரின் கடனுக்கு எஞ்சினின் வயது காரணமாகக் காட்டப்படும்; கணிப்பின் பிழை கணக்கிலேயே வராது. ஆசானைப் போன்ற ஒருவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்பது, கடன் வட்டி எவ்வளவு என்பதற்குச் சற்றும் குறையாத பொருளாதாரத் தகவல் என்றே நான் கருதுகிறேன்.

இத்துறையில் களப்பணிக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழுதுக்கு எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டவுடன் அடுத்த வினாவுக்குப் போய்விடாதீர்கள். என்ன பழுது என்று யார் சொன்னார்கள், எதைச் சோதித்துச் சொன்னார்கள், மாற்றிய பிறகு பழுது உண்மையிலேயே நீங்கியதா என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் களத்தில் கிடைத்த விடைகளை இங்கே பகிர்ந்தால் மகிழ்வேன்.