மேசையடியில் நீண்ட கை

நமது பங்கு இல்லத்தில் ஒரு நாய் உண்டு. பெயர் மணி. சாதி நாயன்று; மழைக்கு ஒதுங்க வந்து, முற்றத்தையே வீடாக்கிக்கொண்ட நாட்டுநாய். இரவுக் காவலில் அதற்கு இணையில்லை. பகலிலோ அதுவே திருடன். மூடாத மீன்சட்டி, மேசை விளிம்பில் வைத்த ரொட்டி, விருந்தினருக்கென எடுத்துவைத்த வடை, எதுவும் அதனிடம் தப்பாது.

சமையல் செய்யும் அம்மையார் பொறுமைசாலி. எனினும் ஒரு வெள்ளிக்கிழமை, மசாலா தடவி வைத்திருந்த நான்கு துண்டு சீலா மீனும் மறைந்தபோது, அவருடைய பொறுமையும் உடன் மறைந்தது. "ஒன்று இந்த நாய் இருக்க வேண்டும், இல்லையேல் நான் இருக்க வேண்டும், சாமி" என்றார். நாம் நகைச்சுவையால் தப்ப முயன்றோம். "ஆரோக்கியநாதர் காலடியில் ரொட்டியைக் கவ்வி நிற்கிறதே, அந்த நாயும் எசமானின் மேசையிலிருந்துதானே எடுத்தது?" என்றோம். அவர் சற்றும் தயங்கவில்லை. "அது காட்டில் கிடந்த நோயாளிக்குக் கொண்டுபோயிற்று. இது யாருக்குக் கொண்டுபோகிறது?" என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை.

அன்று முதல் அடுப்பங்கரைக் கதவருகில் ஒரு பிரம்பு இடம்பிடித்தது. திருட்டு தெரியவந்ததும் மணியை அழைத்து, வெறுஞ்சட்டியைக் காட்டி, இரண்டு அடி கொடுப்பார். மணி காதுகளை மடக்கி, வாலை ஒடுக்கி, தலைகுனிந்து நிற்கும். "தான் செய்தது தவறு என்று அதற்கே தெரிகிறது, பாருங்கள்" என்போம் நாம். மறுநாளும் சட்டி வெறுமையாகும். உண்மையாகவே மனம் வருந்தியிருந்தால் ஒரு நாளாவது அது தயங்கியிருக்காதா? இக்கேள்வி அப்போது நமக்கு எழவில்லை.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரத்தில் அது எழுந்தது. கேக் செய்வதற்கென ஊறவைத்திருந்த உலர்திராட்சைப் பாத்திரத்தை மணி ஓர் இரவு கவிழ்த்து உண்டுவிட்டது. திராட்சைதானே என்று நாம் எண்ணினோம். தொலைபேசியில் பேசிய கால்நடை மருத்துவர் அவ்வாறு எண்ணவில்லை. உடனே கொண்டுவரச் சொன்னார். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தோம். வெங்காயம் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழியெலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும். மனிதனின் விருந்து நாய்க்கு நஞ்சாவதும் உண்டு.

மருத்துவர் வாந்தியெடுக்கச் செய்து, நரம்பில் திரவம் ஏற்றினார். விடியும்வரை அதன் தலையைத் தடவிக்கொண்டு அருகில் அமர்ந்திருந்தவர், பிரம்பு பிடித்த அதே அம்மையார்தாம். மணி பிழைத்தது.

மறுநாள் காலை மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சாப்பிடும்போது மேசையிலிருந்து யாராவது அதற்குக் கொடுப்பதுண்டா?" அம்மையார், "இல்லவே இல்லை" என்றார். நாம் பேசவில்லை. நம் மௌனமே விடையாயிற்று.

ஆம் அன்பர்களே, கொடுத்தவர் நாமே. தனியே அமர்ந்து உண்பவருக்கு முழங்காலைத் தொடும் ஒரு மூக்கும் துணைதான். ஒரு மீன்தலை, ஒரு தோசைத் துண்டு, எவரும் காணாமல் மேசையடிக்குச் செல்லும். எல்லா நாளும் அன்று. மனம் இளகிய நாளில் மட்டும். அதுவே பெரும் பிழை என்றார் மருத்துவர். எப்போதும் கிடைத்தது நின்றுபோனால் விலங்கு விரைவில் முயற்சியைக் கைவிடும். எப்போதாவது கிடைப்பதோ அதை ஓயாமல் முயலவைக்கும். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களையும் எலிகளையும் கொண்டு ஆய்ந்து காட்டிய உண்மை இது. 2003ஆம் ஆண்டு தடை வரும்வரை நம் மாநிலத்தில் பரிசுச்சீட்டு வாங்கியே அழிந்த குடும்பங்களை நினைத்தால், இது நாய்க்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

மணியின் தலைகுனிவையும் நாம் தவறாகவே படித்திருந்தோம். நியூயார்க் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ஆம் ஆண்டு இதனை ஆய்ந்து வெளியிட்டார். நாய் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அந்த முகம் தோன்றவில்லை. எசமான் கடிந்துகொண்டபோதே தோன்றியது. நாம் மனவருத்தம் என்று கண்டது அச்சம். 2013ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், விலக்கப்பட்ட உணவை நாய்கள் வெளிச்சத்தைவிட இருட்டிலேயே மிகுதியாக எடுத்தன. எனவே, நேரம் கடந்து விழும் அடி "எடுக்காதே" என்று கற்பிப்பதில்லை. "ஆள் இருக்கும்போது எடுக்காதே" என்றே கற்பிக்கிறது.

பின்னர் முறையை மாற்றினோம். முதலில் மாறவேண்டியது வீடு. உணவை மூடி அலமாரியில் வைத்தோம்; அடுப்பங்கரைக் கதவுக்குத் தாழ் போட்டோம்; குப்பைக்கூடைக்கு மூடி வாங்கினோம். காலையும் மாலையும் குறித்த வேளையில் மணிக்கு அதன் தட்டிலேயே உணவு. நாம் உண்ணும்போது அதற்கெனத் தாழ்வாரத்தில் ஒரு சாக்கு விரித்து, அங்கே படுத்திருந்தால் மட்டும் பின்னர் ஒரு பரிசு. "விடு" என்ற சொல்லையும் பழக்கினோம். மூடிய கைக்குள் ஒரு துண்டு உணவு. மணி முகரும், நக்கும், பிறாண்டும். சலித்து மூக்கை விலக்கும் கணத்தில் மறு கையிலிருந்து அதனினும் நல்லதொரு துண்டு. நாளடைவில் விரிந்த கையிலும், பிறகு தரையிலும் வைத்துப் பழக்கினோம். வாயில் எதையேனும் கவ்வியிருந்தால் பறிப்பதில்லை, பண்டமாற்றுதான்.

முதல் வாரம் நிலைமை மோசமாயிற்று. வழக்கமான துண்டு வராததால் மணி முன்னிலும் அதிகம் குரைத்தது, முழங்காலைச் சுரண்டியது. அப்போது மனம் இளகியிருந்தால், இன்னும் உரக்கக் குரைத்தால் கிடைக்கும் என்றே கற்றிருக்கும். கையை மேசைமேல் வைத்திருப்பது அத்தனை கடினம் என்று நாம் முன்பு அறிந்ததில்லை. நாற்பது நாளில் மேசையடி அமைதியாயிற்று.

அம்மையாரிடம் நம் குற்றத்தை ஒப்புக்கொண்டோம். "எனக்கு முன்பே தெரியும் சாமி. உங்கள் தட்டில் மீன்தலை மிஞ்சியதே இல்லையே! மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் மறைத்தேன்" என்றார். நாம் கொடுத்ததற்கு மணி அடிபட்டது; நம் மானத்தைக் காக்க அவர் பொய் சொல்ல நேர்ந்தது. ஏழாம் கட்டளை மணிக்கு அருளப்பட்டதன்று, நமக்கு அருளப்பட்டது. வீட்டிலோ ஊரிலோ ஒருவன் கைநீட்டியதைக் கண்டு கொதிக்கும்போது, மேசையடியில் முதலில் நீண்ட கை யாருடையது என்று இப்போது நாம் குனிந்து பார்த்துக்கொள்கிறோம்.

அந்தப் பிரம்பு தோட்டத்தில் அவரைக்கொடிக்கு ஊன்றுகோலாக நிற்கிறது.